மூடி வைத்த மாடு: மாயாற்றுப் பாறுகளைப் பட்டிக்காரர்களோடு கவனித்த ஒரு நிகழ்வு ஆய்வு

காலை ஏழு மணிக்கு முன்பே போன் அடித்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "தம்பி, செவலைப் பசு ராத்திரி போயிடுச்சு. ஊசி போட்ட மாடு. வெளிய இழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?"

பேசியவர் நீலகிரி மலைக்கு வடக்கே, சீகூர் பீடபூமியில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். முதல் ஆறு மாதம் அவருக்கு நான் 'சார்'. அப்புறம் எப்போது 'தம்பி' ஆனேன் என்று தெரியவில்லை. அவர் பெயரையும் பட்டி இருக்கும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டும் இடங்களின் பெயர்களும் வராது. தெரிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்கு அடியில் போய் நிற்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊசி போட்டுச் செத்த மாட்டைப் பாறு தின்ன விடலாமா என்று அன்று அவர் கேட்ட கேள்வியைச் சுற்றித்தான் இந்த ஆய்வு நடக்கிறது. அதற்கு முந்தைய வருடம்வரை செத்த மாட்டை இழுத்துப் போட அவர் யாரையும் கேட்டதில்லை. நாங்களும் ஊசியைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. கழுகு வந்ததா, எத்தனை வந்தது என்பதோடு எங்கள் விசாரணை முடிந்துவிடும். பறவையை எண்ணினால் பறவையைப் பற்றித் தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

இடமும் பறவையும்

மாயாறு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடி, ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, கிழக்கே போய் பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால் இங்கே முள்ளும் புதரும்தான் அதிகம். ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். வெண்முதுகுப் பாறு அந்த மாதிரி உயர்ந்த மரங்களில் கூடு வைக்கும். கருங்கழுத்துப் பாறுக்குப் பாறை விளிம்பு வேண்டும். செந்தலைப் பாறு கூட்டத்தோடு சேராமல் தனியாக ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்காவது, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாகச் சோறு வாங்கித் தின்று, 1990களோடு வராமல் போனது இந்த இனம்தான். முதல் மூன்றும் உலக அளவில் மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கின்றன.

இங்கே பாறு என்ற சொல்லையே எழுதுகிறேன். சங்கப் பாட்டிலேயே பாறும் எருவையும் உண்டு. தனித்தனிப் பெயர் வைத்துப் பார்த்த மொழியில் கடைசியில் 'பிணந்தின்னிக் கழுகு' என்ற ஒன்று மட்டும் நின்றுவிட்டது எனக்கு வருத்தம். பட்டிக்காரர்கள் வெறுமனே கழுகு என்பார்கள், ஆனால் வகை தெரியாமல் இல்லை. "செவப்புத் தலை ஜோடியா வரும், கூட்டத்துல சேராது" என்று முதல் நாளே அண்ணன் சொன்னார். புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நல்ல வேலை நடந்திருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து, ஒரே நேரத்தில், உயரமான பார்வை முனைகளில் ஆட்களை நிறுத்தி எண்ணுகிறார்கள். பாறுக்கு மாநில எல்லை கிடையாது. சில நிமிடங்களில் முதுமலையிலிருந்து பந்திப்பூருக்குப் போய்விடும். தனித்தனியாக எண்ணினால் ஒரே பறவை இரண்டு கணக்கில் ஏறும். 2023 பிப்ரவரியில் நடந்த முதல் கூட்டுக் கணக்கெடுப்பில் 246 பாறுகள். அதே ஆண்டு டிசம்பரில் 320. அதில் வெண்முதுகு 217, செந்தலை 50, கருங்கழுத்து 47, மஞ்சள்முகம் 4, வலசை வந்த இமாலயப் பாறும் கரும்பாறும் ஒவ்வொன்று. மூன்று மாநிலக் காடுகளையும் சலித்து எடுத்த எண்ணிக்கை இது. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துவிடலாம். பெட்டை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஒரு பறவை போனால் அந்த இடம் நிரம்பப் பல வருடம் ஆகும்.

ஆனால் இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் இருக்கும் மாதங்களில் என்ன நடக்கிறது? பாறு எங்கே இறங்கியது, எதைத் தின்றது, தின்ற பிறகு என்ன ஆனது? பார்வை முனையில் இரண்டு நாள் நிற்பவருக்கு இது தெரிய வழியில்லை. வருடம் 365 நாளும் அந்த நிலத்தில் மாட்டோடு நடக்கிறவருக்குத் தெரியும்.

காரணம் எங்கே கிடைத்தது

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பாறுகள் ஏன் செத்தன என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதமே இப்படித்தான். ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் குறைவதை 1990களின் பிற்பாதியில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்துச் சொன்னார். வைரஸாக இருக்கும், ஏதோ தொற்றாக இருக்கும் என்று முதலில் பலரும் தேடினார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்திருந்தது. தொற்றும் கிடைக்கவில்லை, பூச்சிக்கொல்லியும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் அவர்கள் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், மாட்டுக்குப் புதிதாக என்ன மருந்து போடுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். விடை, டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. அந்த மருந்தின் எச்சம், சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளில் 25லும் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13ல் ஒன்றிலும் இல்லை. 2004ல் கட்டுரை வந்தது. 2006ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது.

என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய அழிவுக்கு எல்லா மாட்டிலும் மருந்து இருந்திருக்க வேண்டியதில்லை. செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே போதும். ஒரு சடலத்தில் நாற்பது ஐம்பது பறவை சேர்ந்து தின்னும் இனம் இது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் செத்த ஒரே ஒரு மாடு ஒரு கூட்டத்தையே கொண்டுபோகும். இந்தியாவில் 1990களுக்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது இப்படித்தான்.

தடைக்குப் பிறகும் ஓட்டை இருந்தது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015ல் மனிதருக்கான ஊசியை 3 மில்லி குப்பியாகச் சுருக்கினார்கள். ஒரு மாட்டுக்கு நாலைந்து குப்பி உடைக்க வேண்டும், அந்தத் தொல்லைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று கணக்கு. அப்புறம் வேறு வலி மருந்துகள் வந்தன. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023ல் தடை வந்தது. மெலாக்சிகம் பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். ஆக, மாட்டுக்கு மருந்தே போடாதே என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எதைப் போட்டாய் என்று கேட்டால் போதும். அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் செய்த தவறு

சீகூர் பக்கம் மாடு வளர்ப்பது பாலுக்காக மட்டும் இல்லை. சாணி லாரி ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும். பட்டியில் நூறு மாடு நின்றாலும் கறக்கிறது சிலதுதான். மீதி பகல் முழுக்கக் காட்டோரம் மேய்ந்து ராத்திரி பட்டியில் சாணி போடும். இந்த மேய்ச்சலில் வனத்துறைக்கும் பட்டிக்காரர்களுக்கும் எப்போதும் இழுபறி. அந்த ஊருக்கு பைனாகுலரும் படிவமும் எடுத்துக்கொண்டு, காக்கிக்குக் கிட்டத்தட்ட நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் போய் இறங்கினோம்.

படிவத்தில் பத்துக் கேள்வி. எத்தனை மாடு, எத்தனை செத்தது, என்ன மருந்து. பதில்கள் அழகாக வந்தன. மாடே சாகவில்லை, மருந்தே போடவில்லை, கழுகு நூறு வந்தது! எங்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்பிவைத்தார்கள் என்பது புரியவே ரெண்டு மாதம் ஆனது. இதில் இன்னொரு கெடுதலையும் நாங்களே செய்தோம். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவது தடை செய்யப்பட்டது என்று முதல் கூட்டத்திலேயே அழுத்திச் சொன்னோம். அடுத்த வாரம் எந்தக் கொட்டகையிலும் ஒரு காலிக் குப்பிகூடக் கண்ணில் படவில்லை. ஊசியா நின்றுவிட்டது? குப்பிகள் புதருக்குள் போயிருந்தன, அவ்வளவுதான்.

படிவத்தைத் தூக்கிப் போட்டோம். போனால் முதலில் மாட்டைப் பற்றிப் பேசினோம். எது சினை, எதற்கு மடி வீக்கம், கோமாரி ஊசி போட்டாச்சா, சிறுத்தை கன்றை எடுத்ததா. இது தந்திரம் இல்லை. மாட்டின் உடம்பைப் பற்றித் தெரியாமல் பாறின் சாவைப் பற்றிப் பேச முடியாது என்று அப்போதுதான் எங்களுக்கே உறைத்திருந்தது. பேச்சு மாட்டில் தொடங்கினால் மருந்து தானாக வந்தது. யார் பெயரும் எந்தக் குறிப்பிலும் ஏறாது என்று சொல்லி, கண்ணெதிரே நோட்டைக் காட்டினோம்.

எண்ணிக்கை கேட்கிற விதத்தையும் மாற்றினோம். "எத்தனை கழுகு?" என்றால் யாராக இருந்தாலும் 'ஐம்பது, நூறு' என்பார்கள். "மாட்டு மேல எத்தனை உட்கார்ந்தது, சுத்தி மரத்துல எத்தனை?" என்று பிரித்துக் கேட்டபோது பதில் சிறியதாகவும் உறுதியாகவும் வந்தது. நேரமும் அப்படித்தான். மணி கேட்டால் குத்துமதிப்பு. "மாடு அவிழ்த்து விடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் தயக்கமே இல்லாத பதில். வந்தது வேறு, இறங்கியது வேறு என்று அவர்களாகவே பிரித்துச் சொன்னார்கள். மேலே வட்டமிட்டுப் போனதை 'வந்தது' என்பார்கள். தரையைத் தொட்டால்தான் 'இறங்கியது'. எங்கள் பதிவேட்டில் அதுவரை இந்த வித்தியாசமே இல்லை. அதைச் சேர்த்தோம்.

நம்பகமா இது என்று கேட்கலாம். எல்லாம் இல்லை. பருந்தையும் ராஜாளியையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொரு பட்டியில் பெயர் சொல்லாமல் விசாரிப்போம், முடிந்தால் எலும்பு கிடக்கும் இடத்துக்குப் போய் இறகும் எச்சமும் பார்ப்போம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவதில்லை. பட்டிக்காரர்களையும் அப்படிப் போகச் சொல்லி அனுப்பவில்லை. தகவல் வேண்டும் என்பதற்காக ஒருவரை வழக்கில் மாட்டிவிடுவது பாவம்.

ஒருமுறை சரியான தகவலே எங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. ஏப்ரல் மத்தியானம் ஒரு பாட்டி ஆள் அனுப்பினார். ஆற்றோர மரத்தில் ஒரு கழுகு கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது, சாகப் போகிறது என்று. தொங்கும் கழுத்து நச்சின் அறிகுறி என்று நாங்களும் படித்திருந்தோம். பதறி ஓடினோம். ஸ்கோப்பில் பார்த்தால் தலை மார்புக்குக் கீழே தொங்குகிறது, அலகு லேசாகத் திறந்திருக்கிறது. யாருக்கெல்லாமோ போன் போட்டோம். பாட்டி மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி நிழல் மரத்தின் மேல் ஏறியதும் அது தலையைத் தூக்கி, இறகைக் கோதி, கொஞ்ச நேரத்தில் பறந்து போனது. கடும் வெயிலில் நல்ல ஆரோக்கியமான பாறும் அப்படித் தலையைத் தொங்கவிடும். அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லக் கூடாது. அன்றிலிருந்து அப்படித் தகவல் வந்தால், "வெயில் சாஞ்ச பிறகும் அப்படியே இருக்கா?" என்று கேட்கிறோம். சாயங்காலமும் இருந்தால்தான் கவலை.

செவலைப் பசு

இனி அந்தப் பிப்ரவரி நாள். கூடுகளில் குஞ்சு இருக்கும் பருவம். தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி இரை கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும் நேரம். அன்று நஞ்சு உள்ளே போனால் குஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

பசு கன்று போட்டு நாலு நாள் ஆகியிருந்தது. நஞ்சுக்கொடி சரியாக விழவில்லை, காய்ச்சல். மாட்டு டாக்டர் வந்து ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். அது மெலாக்சிகம், சீட்டு இருந்தது. மறுநாள் மாடு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வேறு ஊரில் இருந்தார். அண்ணன் மகன், ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் தன் பையிலிருந்து எதையோ போட்டார். அதற்கு அடுத்த நாள் ராத்திரி பசு செத்தது. கணக்குப் பார்த்தால் இரண்டாவது ஊசி போட்டு முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை இருக்கும். பட்டியை ஒட்டிய அவர்களுடைய பட்டா நிலத்தில் பசு கிடந்தது. அண்ணன் அதன் மேல் தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைத்து, அதற்கும் மேல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். கன்று பட்டிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தது. "கழுகு தின்னட்டும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அவன் என்ன போட்டான்னு தெரியாம எப்படித் தம்பி விடறது?" என்றார்.

ஊசி போட்டவரை போனில் பிடித்தோம். முதலில் ஞாபகம் இல்லை என்றார். அப்புறம் சத்து ஊசி என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. காலிக் குப்பியைத் தேடினோம். கொட்டகைக் கூரை இடுக்கு, சாணிக் குவியல், கிணற்றடி என்று வீட்டில் இருந்த எல்லாரும் தேடினார்கள். அண்ணி அடுப்படி மாடத்திலிருந்து நாலு குப்பி எடுத்து வந்தார். இரண்டு பழைய குடற்புழு மருந்து, ஒன்று டாக்டர் போட்ட மெலாக்சிகம், நாலாவதில் லேபிளே இல்லை. கழுவி, பேத்திக்கு விளையாடக் கொடுத்திருந்தார்கள். சின்னதாக, பழுப்புக் கண்ணாடி. அதுதானா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பத்து மணி வாக்கில் வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே கிளம்பியதும் அவை வந்தன. முதலில் காக்கை, அடுத்து ஒரு ஜோடி செந்தலைப் பாறு. அவை கொஞ்சம் தள்ளி ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்தன. அப்புறம் வெண்முதுகுகள் ஒவ்வொன்றாக மேலே வட்டம் போட ஆரம்பித்தன. திரும்பும்போது முதுகில் அந்த வெள்ளை பளிச்சென்று அடிக்கும். மாதக்கணக்கில் இதைப் பார்க்கத்தான் அலைந்திருக்கிறோம். முன்பு மலை முகட்டில் நின்று புள்ளியாகப் பார்த்த பறவை, இப்போது தலைக்கு மேல், இறகு காற்றை அறுக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில். அன்று நாங்கள் செய்தது என்ன? கையைத் தட்டி, தகரத்தை அடித்து, அவற்றை விரட்டினோம்.

ஒன்று இறங்கியேவிட்டது. தார்ப்பாயிலிருந்து பத்தடியில் வந்து நின்று, கழுத்தை நீட்டி முள்ளுக்குள் பார்த்தது. மொட்டைக் கழுத்தில் பூனை மயிர் மாதிரி மெல்லிய தூவி, அலகின் ஓரத்தில் பழைய ரத்தக் கறை காய்ந்திருந்தது. அண்ணன் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். அது தத்தித் தத்தி ஓடி, போதுமான வெட்டவெளி கிடைத்ததும் இரண்டு பெரிய சிறகையும் விரித்து எழும்பியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, "போ சாமி, இன்னிக்கு வேண்டாம், போ" என்றார்.

மத்தியானம் வரை ஊசிக்காரரிடமிருந்து பதில் வரவில்லை. புதைப்பது என்று முடிவு செய்தோம். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரிடம் சொன்னோம், அவரும் வந்து கை கொடுத்தார். அந்த மண்ணில் கடப்பாரை போட்டால் மூன்றடிக்கு மேல் பாறை. ஆறு பேர் மாற்றி மாற்றித் தோண்டி, பசுவை இறக்கி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே கல் அடுக்கி முள் போட்டபோது இருட்டிவிட்டது. அண்ணனுக்கு ஒரு நாள் மேய்ச்சல் போனது, ஆள் கூலி போனது. பசு போனதற்கு இழப்பீடு எதுவும் கிடையாது, புலி அடிக்கவில்லை அல்லவா. செந்தலை ஜோடி பொழுது சாயும்வரை அந்தப் பட்ட மரத்தை விட்டு நகரவில்லை.

அந்தக் குழியில் நஞ்சு போனதா, நல்ல இரை போனதா என்பது இன்றுவரை தெரியாது. தெரியாமல் எடுத்த அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு லேபிள் கிழியாமல் இருந்திருந்தால் அன்றைய நாள் வேறு மாதிரி போயிருக்கும்.

நோட்டு

யோசனை அண்ணனின் மகளுடையது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பழைய கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களில் கோடு போட்டு, பட்டித் தூணில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். தேதி, எந்த மாடு, யார் ஊசி போட்டது, என்ன மருந்து. கடைசிக் கட்டத்தில் குப்பியின் லேபிளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து ஒட்ட வேண்டும். லேபிள் ஒட்டாமல் யாரும் ஊசி போட்டுவிட்டுப் போக முடியாது. அப்பா விட்டாலும் அவள் விட மாட்டாள்.

மாட்டுக்குப் பெயர் எழுதும் விதத்தைப் பார்க்க வேண்டும். 'கொம்பு ஒடிஞ்சது', 'கோயில் மாட்டு மக', 'புலி கீறுனது'. எங்கள் படிவத்தில் வரிசை எண் போட்டிருந்தோம். எண்ணைச் சொன்னால் யாருக்கும் எந்த மாடு என்று தெரிந்திருக்காது.

பக்கத்துப் பட்டிகளில் ஓரிரண்டு பேர் அதைப் பார்த்துச் செய்தார்கள். எல்லாரும் இல்லை. எழுதி வைத்தால் நாளைக்கு அதுவே சாட்சியாகிவிடுமே என்று பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல. நோட்டு பட்டிக்காரருடையது, நாங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவோம், நகல்கூட எடுக்க மாட்டோம் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஆய்வில் நாங்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு முழுத் திருப்தி தருவது இது ஒன்றுதான்.

நோட்டு வந்ததில் எதிர்பாராத பலன், மாட்டுக்கும் நல்லது நடந்தது. டாக்டர் வந்தால் போன தடவை என்ன போட்டது என்று பார்த்து மருந்து மாற்றுகிறார். அரைகுறையாக ஊசி போடுபவர்கள் வருவது குறைந்தது. பாறுக்காக நோட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தால் ஒரு மாதம் எழுதியிருப்பார்கள். தங்கள் மாட்டுக்காக எழுதுவதால் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

நோட்டால் தீராத விஷயமும் உண்டு. நஞ்சு வைப்பது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், அந்தச் சடலத்தில் பூச்சி மருந்தைக் கொட்டிப் பழி தீர்ப்பவர்கள் எல்லா மலையிலும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் இப்படித்தான் செத்தன. மாட்டை இழந்தவர் நஞ்சு வைத்தார் என்று கைதானார். புலிக்கு வைத்ததை முதலில் பார்ப்பது பெரும்பாலும் பாறுதான். இழப்பீடு சீக்கிரமாக, அலைய விடாமல் கைக்கு வந்தால் இந்தக் கோபத்தில் பாதி அடங்கும் என்று பட்டிகளில் உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன். காட்டுக்குள் மேயும்போது அடிபட்ட மாட்டுக்குக் கேட்கவே பயப்படுகிறார்கள்.

இரையைப் பொறுத்தவரை, மாயாற்றில் பாறு பிழைத்துக் கிடப்பது முக்கியமாகக் காட்டு விலங்குகளால் என்பது என் கணிப்பு. புலியும் செந்நாயும் விட்டுப்போகும் கடமான், புள்ளிமான், சில சமயம் செத்த யானை. அந்த இறைச்சியில் ஊசி மருந்து இல்லை. சமவெளியில் பாறு முழுக்க மாட்டை நம்பியிருந்தது, அங்கே துடைத்துப் போய்விட்டது. ஆனால் ஆற்றோரம் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு வருவதால், காட்டுக்குள் சடலம் கிடந்தாலும் இறங்க இடமில்லாத பரப்பு கூடுகிறது. வயிறு நிறையத் தின்ற பாறுக்கு ஓடி எழும்ப வெட்டவெளி வேண்டும். அந்த வெட்டவெளி இன்று பட்டிகளைச் சுற்றித்தான் இருக்கிறது. மாட்டை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் பாறுக்கு நல்லது என்று சொல்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிழட்டுக் காளை

செவலைப் பசு போய் ஐந்து வாரம் கழித்து, அதே பட்டியில் ஒரு கிழட்டுக் காளை வயதாகிப் படுத்துச் செத்தது. இந்தத் தடவை போன் செய்தது மகள். "அண்ணா, நோட்டு பார்த்துட்டேன். இதுக்கு ஊசியே இல்ல. கடைசியா கோமாரி ஊசி போட்டது, அது போன வருஷம். அப்பா இழுத்துப் போட்டுட்டாரு. வர்றதா இருந்தா சீக்கிரம் வாங்க."

நாங்கள் பட்டிச் சுவருக்குப் பின்னால், மாட்டுக் காடித் தொட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். காளையின் தோல் தடிமன், நாயோ நரியோ இன்னும் கிழித்திருக்கவில்லை. செந்தலை ஜோடிதான் முதலில் இறங்கியது. ஒன்று கண்ணில் தொடங்கியது, இன்னொன்று வாலுக்கு அடியில். வெண்முதுகுகள் அரை மணி நேரம் மரத்திலேயே காத்திருந்தன. ஒன்று இறங்கியது, அப்புறம் ஏழெட்டு ஒன்றாக, அதன் பிறகு எண்ண முடியவில்லை. சீறல், உறுமல், சிறகால் அடித்துக்கொள்ளும் சத்தம். ஒன்று தலையை வயிற்றுக்குள் விட்டு, கழுத்து முழுக்கச் சிவப்பாக வெளியே எடுத்தது. ஒரு மணி நேரத்தில் விலா எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது. தின்று முடித்தவை தொண்டைப்பை புடைக்க நாலு எட்டு நடந்து, நடக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டன.

அண்ணன் சத்தமில்லாமல் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். மாட்டு மேல் இருப்பதற்கு ஒரு குவியல், மரத்தில் இருப்பதற்கு ஒரு குவியல். மகள் நோட்டைத் திறந்து, மருந்து எழுதும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, அதற்குப் பக்கத்தில் அப்பா நகர்த்திய கல்லை எண்ணி எழுதினாள்: மாட்டு மேல 23, மரத்துல 9, செவப்புத் தலை 2. அப்புறம் யோசித்து இன்னொரு வார்த்தை சேர்த்தாள்: இறங்கியது.